பாட்டுக் கேட்ட மலை

நாமக்கல், சேலம் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்குக் கொல்லிமலை புதிய இடமன்று. வானம் தெளிந்த நாள்களில் வீட்டு மாடியில் நின்றாலே அதன் நீல முகடு கண்ணுக்குத் தெரியும். நம் சந்தைகளுக்கு வரும் மலைவாழைப்பழமும் அன்னாசியும் மிளகும் பலாவும் அம்மலையிலிருந்து இறங்கி வருபவையே. விடுமுறையில் ஒரு நாள் ஏறி, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவது பலருடைய வழக்கம். நாங்களும் அவ்வாறு பலமுறை சென்று வந்தவர்களே. ஆயினும், சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நாங்கள் மேற்கொண்ட பயணம் வேறு வகையானது. பாட்டுக் கேட்பதற்காக மலையேறினோம். மலையோ எங்களிடம் பாட்டுக் கேட்டது. கொடுப்பதற்கு எங்களிடம் பாட்டு இல்லை. அந்த வெட்கத்தையும், அதிலிருந்து எங்களை மீட்ட ஒரு முதிய குரலையும் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தக்கலையில் தோன்றிய எண்ணம்

இப்பயணத்தின் விதை கொல்லிமலையில் விழவில்லை. தெற்கே, குமரி மாவட்டத்துத் தக்கலையில் விழுந்தது. எங்கள் நெடுநாள் நண்பரான ஆசிரியர் ஒருவர் அவ்வூரைச் சேர்ந்த முஸ்லிம் அன்பர். வேலையின் பொருட்டு எங்கள் பக்கம் வந்து குடியேறியவர். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் ‘மாமா’. கிறிஸ்து பிறப்பு விழாவன்று அவர் எங்கள் வீட்டிலும், நோன்புப் பெருநாளன்று நாங்கள் அவர் வீட்டிலும் உண்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் எங்களைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்றார்.

தக்கலையில் அடங்கியிருப்பவர் பீர் முகம்மது அப்பா என்னும் சூஃபி ஞானி. தென்காசியில் பிறந்தவர், தறி நெய்து பிழைத்தவர், இறைவனைத் தமிழிலேயே பாடியவர் என்று அவ்வூரார் போற்றுகின்றனர். அவர் இயற்றிய ‘ஞானப்புகழ்ச்சி’ அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. ஆண்டுதோறும் இஸ்லாமிய ரஜபு மாதத்தின் 14ஆம் இரவில், அவருடைய அடக்கத்தலத்தில் கூடும் மக்கள் அந்நூலை விடிய விடியப் பாடுகின்றனர். பாடுவோர் ஒரு புறம், கேட்போர் மறுபுறம் என்னும் பிரிவை நாங்கள் அங்கே காணவில்லை. கடைக்காரர், கூலி வேலை செய்பவர், பள்ளி மாணவர் எல்லாரும் நெருங்கி அமர்ந்து பாடினர். எங்கள் அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கையில் ஏடு இல்லாமலே வரி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் பார்வை இல்லை என்பதை நெடுநேரம் கழித்தே அறிந்தோம்.

பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் இருப்பதைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் அறிவித்ததை நாம் அறிவோம். ஏட்டில் படித்த அக்கருத்தை அன்றிரவு கண்ணாரக் கண்டோம். ஊர் திரும்பும்போது வீட்டம்மாள் நண்பரிடம், “ஊரே கூடிப் பாடுகிற இப்படியோர் இரவு நம் பக்கத்தில் எங்கேனும் உண்டா?” என்று கேட்டார். நண்பர் சற்று எண்ணிப் பார்த்து, “என்னிடம் படித்த பையன் ஒருவன் கொல்லிமலையில் இருக்கிறான். ஆடிப் பதினெட்டுக்குத் தன் ஊரில் பாடுவார்கள் என்று சொல்லியிருக்கிறான்” என்றார்.

எழுபது வளைவுகள்

இவ்வாறு ஆறு பேர் கொண்ட எங்கள் சிறு கூட்டம் புறப்பட்டது. நாங்கள் இருவர், மகன், மகள், நண்பர், எழுபத்தெட்டு வயதான எங்கள் அத்தை. அத்தையை விட்டுவிட்டுச் செல்லவே எண்ணியிருந்தோம். “உங்களுக்கு முன்னே நான் மலையேறுவேன்” என்று சொல்லி, செபமாலையையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அடிவாரமான காரவள்ளியைக் கடந்ததும் வளைவுகள் தொடங்குகின்றன. கொண்டை ஊசி போல் மடங்கும் எழுபது வளைவுகள் இச்சாலையில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கின்றனர். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தனர். முப்பதாம் வளைவில் மகள் தலை சுற்றிப் படுத்துவிட்டாள். அத்தையோ ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடித்து மறுபடியும் தொடங்கியிருந்தார். வெயில் மெல்ல மெல்லத் தணிந்து, சோளக்காட்டை அடைந்தபோது குளிர்ந்த மேகம் சாலையைக் கடந்து சென்றது. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரை உயர்ந்தது.

இது ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி இங்கிருந்து ஆண்டான். அவனைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றை வண்டியிலேயே நண்பர் பிள்ளைகளுக்கு விளக்கினார். பாணர் கூட்டமொன்று காட்டு வழியே வருகிறது. வேடன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்று, புற்றில் இருந்த உடும்பின்மேல் தைக்கிறது. வியந்த பாணர்கள் முழவும் யாழும் பிற கருவிகளும் இசைத்து அவனைப் புகழ்ந்து பாடுகின்றனர். பாட்டின் முடிவில் அவர்கள் அரசே என்று விளித்ததும் அவன் நாணித் தலை குனிகிறான். தன் பெயரைச் சொல்லாமலே, வேட்டை இறைச்சியும் தேறலும் தன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். அவன்தான் ஓரி. மலையமான் திருமுடிக்காரியோடு நடந்த போரில் அவன் மடிந்தான். அதன்பின் கொல்லிமலை சேரர் கைக்குப் போயிற்று. 

“பாட்டுக்குப் பொன் கொடுத்தாரா?” என்று மகன் வியந்தான். “பாடத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்” என்றார் நண்பர். அச்சொல் அன்றிரவே எங்களைத் தைக்கப் போகிறதென்று அப்போது அறியோம்.

செம்மேட்டின் விழாவும் சிற்றூரின் விழாவும்

ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் தமிழக அரசு செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவை நடத்துகிறது. குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலை அவ்வூரில் உள்ளது. மேடை, கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள், ஓரியின் நினைவாக வில்வித்தைப் போட்டி என ஊர் நிறைந்திருந்தது. அறப்பளீசுவரர் கோயிலுக்கும் அருவிக்கும் செல்வோர் கூட்டம் வேறு. மேடையில் ஆடியவர்கள் நன்றாகவே ஆடினர். எதிரே நின்றவர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தனர். நாங்களும் பிடித்தோம். ஒரு மணி நேரம் கழிந்ததும் நண்பருடைய மாணவர் வந்து எங்களை அழைத்துச் சென்றார்.

சிற்றுந்தில் சிறிது தொலைவு. அதன்பின் அரை மணி நேர நடை. மிளகுக் கொடி ஏறிய மரங்களினூடே செம்மண் பாதை இறங்கியும் ஏறியும் சென்றது. அத்தை இருமுறை நின்று மூச்சு வாங்கினார். கையைப் பிடிக்க விடவில்லை. ஊரின் பெயரை இங்கே நாங்கள் குறிப்பிடப்போவதில்லை. “படம் பிடிக்கக் கூட்டம் வந்துடும் சாமி” என்று அங்குள்ள பெரியவர் கேட்டுக்கொண்டார்.

இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டவர் என எண்ண வேண்டா. மலையை ஆள்பவர் என்பதே பொருள். பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தம் ஊர்களை வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகப் பிரித்து வழங்குகின்றனர். சாமையும் தினையும் கேழ்வரகும் இவர்களுடைய பழைய பயிர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வெறுங்கையுடன் செல்லவில்லை. நல்ல நிலையிலிருந்த பழைய துணிகள் இரண்டு மூட்டை, பிஸ்கட்டுப் பெட்டிகள், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றைச் சுமந்து சென்றோம். மலையில் இருப்பவர்கள் ஏழைகள், நாம் கொடுப்பவர்கள் என்னும் எண்ணம் எங்கள் உள்ளத்தில் இருந்தது. அதை அன்பு என்றே நினைத்திருந்தோம்.

பெரியவர் வாசலில் வந்து வரவேற்றார். கைகால் கழுவ நீர் தந்தனர். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இட்டு, பருவத்தின் கடைசிப் பலாப்பழத்தை அறுத்து வைத்தனர். நாங்கள் யார், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்டு முடித்த பின்னரே எங்கள் பெயர்களை விசாரித்தனர்.

வட்டத்துக்குள் அமர்ந்த இரவு

இருட்டியதும் வீடுகளுக்கு நடுவிலிருந்த சமதரையில் மக்கள் கூடினர். ஏறக்குறைய நாற்பது பேர் இருக்கலாம். மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை. நடுவில் சிறு நெருப்பு. அதில் மேளத்தின் தோலைக் காய்ச்சினர். பெரியவர் ஓரடியை எடுத்துக் கொடுத்தார். ஆண்கள் வட்டமாக நின்று அதைத் திருப்பிப் பாடி அடி வைத்தனர். மறு பக்கம் அமர்ந்திருந்த பெண்கள் அடுத்த அடியை வாங்கிக்கொண்டனர். காஞ்சியை விட்டு வந்த முன்னோர், விதைத்த சாமை, பெய்யாத மழை, கட்டிக்கொடுத்துத் தொலைவுக்குப் போன மகள் என்று பொருள் மாறி மாறி வந்தது. தாயின் மடியில் கிடந்த நான்கு வயதுக் குழந்தையும் அடியின் கடைசிச் சொல்லைத் தவறாமல் பிடித்தது. ஒரு பாட்டில் முதியவர் ஒருவர் தடுமாறினார்; பக்கத்திலிருந்த இளைஞர் அடியை எடுத்துக் கொடுத்தார்; பாட்டு நிற்கவில்லை.

நண்பர் எங்களைப் பார்த்தார். தக்கலையை நினைக்கிறார் என்பது புரிந்தது. சமயம் வேறு, தாளம் வேறு. ஆயினும், எல்லாரும் பாடுவதால் எவரும் தனித்து விடப்படாத அந்த நிலை ஒன்றே.

நள்ளிரவு நெருங்கியபோது பாட்டு ஓய்ந்தது. வரக்காப்பி வந்தது. இதுதான் தக்க நேரம் என்று நாங்கள் எழுந்து மூட்டைகளைப் பெரியவர்முன் வைத்தோம். அவர் அவற்றைப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை, கையும் நீட்டவில்லை.

“துணி இருக்கட்டுங்க. விருந்தாளிகிட்டத் துணி வாங்கற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க. இவ்வளவு நேரம் எங்க பாட்டைக் கேட்டீங்க. இப்ப நீங்க ஒண்ணு பாடுங்க, நாங்க கேக்கறோம்.”

இரந்து கேட்பது இழிவு, இல்லையென மறுப்பது அதனினும் இழிவு. கொடுப்பது உயர்வு, கொடுத்ததை ஏற்காமை அதனினும் உயர்வு என்னும் கருத்தை இதே ஓரியின் முன்னிலையில் கழைதின் யானையார் என்னும் புலவர் பாடியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த அக்கருத்தின் பொருள் அன்று எங்கள் நெஞ்சில் உறைத்தது.

நண்பர் முதலில் பாடினார். தம் பாட்டியார் வீட்டில் விளக்கேற்றும் வேளையில் பாடக் கேட்ட பீர் முகம்மது அப்பாவின் பாட்டொன்று. கண்ணை மூடிக்கொண்டு, ஏடின்றி, முழுவதும் பாடினார். மேளக்காரர் மூன்றாம் அடியிலேயே தாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்து எங்கள் முறை. ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்லும் குடும்பம். வீட்டில் செபமாலை தவறாத குடும்பம். மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். முதலடி கம்பீரமாக வந்தது. இரண்டாம் அடியில் சொல் மறந்தது. மூன்றாம் அடியில் ஆளுக்கொரு சொல்லாகப் பிரிந்து, தடுமாறி நின்றுவிட்டோம். மகனுடைய கை தன்னையறியாமல் கைப்பேசியைத் தேடிற்று. அங்கே அது வேலை செய்யவில்லை. எங்கள் பங்கில் பாடற்குழு நன்றாகப் பாடுகிறது, விசைப்பலகை இருக்கிறது, பாட்டின் அடிகள் திரையில் தெரிகின்றன. நாங்கள் பல ஆண்டுகளாக உதடு அசைத்துக்கொண்டு மட்டுமே நின்றிருக்கிறோம் என்பது அந்த நெருப்பின் ஓரத்தில்தான் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி சிரிப்பைவிடக் கடுமையாக இருந்தது.

அத்தையின் பாட்டு

அப்போது அத்தை தொண்டையைச் செருமினார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, யாரையும் பாராமல் பாடத் தொடங்கினார். அவர் இளமையில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் கோயிலில் கூடிப் பாடிய ஒப்பாரி அது. சிலுவையடியில் நின்ற தாய், மகனுடைய தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு காயமாகப் பார்த்துப் புலம்பும் பாட்டு. குரல் நடுங்கியது, இடையிடையே மூச்சு அறுந்தது, சொல் ஒன்றும் தவறவில்லை. மூன்றாம் கண்ணி முடிந்தபோது மலைப் பெண்கள் அதன் இழுவையைத் தாங்களே பிடித்துக்கொண்டனர். ஒப்பாரி அவர்களுக்குத் தெரிந்த மொழி. அத்தை ஓரடி சொல்வார். பெண்கள் விம்மலோடு முடிப்பார்கள். மேளக்காரர் கோலைக் கீழே வைத்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும், அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அத்தையின் கையைப் பற்றி, “யாரு பெத்த பிள்ளைம்மா அது? அப்பிடி என்ன செஞ்சுது?” என்று கேட்டார்.

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு தப்பும் செய்யல ஆத்தா. எல்லாருக்காகவும் உசுரக் குடுத்த பிள்ளை” என்றார்.

மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் போன தம் மகனைப் பற்றிச் சொன்னார். இருவரும் நெருப்பு அணையும்வரை கையை விடாமல் அமர்ந்திருந்தனர். மறைக்கல்வி வகுப்புகளில் நாங்கள் எத்தனையோ கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறோம். அதைப் போன்ற கேள்வியையும் அதைப் போன்ற விடையையும் கேட்டதில்லை.

மலை இறங்கிய பின்

காலையில் பெரியவர் அத்தையிடம் ஒரு படி தினையைக் கொடுத்தார். “பாட்டுக்குங்க” என்றார். ஓரியின் மலை தன் வழக்கத்தை மறக்கவில்லை. துணி மூட்டைகளை நாங்களே சுமந்துகொண்டு இறங்கினோம். நோட்டுப் புத்தகங்களை மட்டும், பள்ளிக்குக் கொடுப்பதாகச் சொல்லி மாணவர் வாங்கிக்கொண்டார். எழுபது வளைவுகளிலும் ஒருவரும் பேசவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் பங்கேற்க வேண்டும் என்கிறது. மக்களின் பக்திப் பாடல்களை அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பாடற்குழுவை நாங்கள் குறை கூறவில்லை; அவர்கள் தங்கள் பணியைச் செய்கின்றனர். எங்கள் பங்கை அவர்களிடம் தள்ளிவிட்டு நாங்கள் வாய்மூடி நின்றதே குறை. தவக்கால ஒப்பாரியை எங்கள் பங்கில் யாரும் தடை செய்யவில்லை. பாடத் தெரிந்த பெண்கள் ஒவ்வொருவராக இறந்தனர். கற்றுக்கொள்ள எவரும் அருகில் அமரவில்லை. ஓராண்டு அது நின்றுபோயிற்று. இன்று அத்தையோடு சேர்த்து அதை முழுவதும் அறிந்தவர்கள் மூவரே.

வீடு திரும்பிய மறுநாளே, மலையில் கிடைத்த தினையைப் பொங்கி, அண்டை வீட்டாரோடு பகிர்ந்து உண்டோம். அன்றிரவே மகள் ஒரு குறிப்பேட்டை எடுத்துவந்து அத்தையின் அருகில் அமர்ந்தாள். நாளுக்கு ஒரு கண்ணி. செபமாலை முடிந்ததும் எல்லாரும் ஏட்டைப் பாராமல் அதைப் பாட வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. மகனுக்கு முதலில் கூச்சம். மழைக்காலம் முடிவதற்குள் அவனே அடியெடுத்துக் கொடுக்கலானான்.

இவ்வாண்டு தவக்காலத்தில் பங்குத்தந்தையிடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேட்டோம். சிலுவைப்பாதை முடிந்த பின் அரை மணி நேரம் தந்தார். பெரும்பாலோர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டனர். தரையில் அமர்ந்தவர்கள் பதினொரு பேர். நண்பரும் வந்து பின்னால் அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டோம். நான்காம் கண்ணியில் அத்தைக்கு மூச்சு முட்டியது; அவர் நிறுத்திய இடத்தில் மகள் எடுத்தாள். பாட்டு நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பாடும்படி பங்குத்தந்தை சொன்னார். அன்று பத்தொன்பது பேர் இருந்தனர்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் முதியோர் இருப்பர். அவர்கள் நெஞ்சில் நீங்கள் இதுவரை கேளாத பாட்டு ஒன்றேனும் இருக்கும். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவர்கள் அருகில் அமர்ந்து அதைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்வதற்கு எழுபது வளைவுகள் ஏற வேண்டியிருந்தது.